பலசரக்குக்கடையில் வலம்புரி

பாரிசில் தமிழ்க்கடைகள் நிறைந்த லாச்சப்பலில் யாராவது என்னிடம் "தம்பி என்ன படிக்கிறீர்?" என்று கேட்டால் உண்மையைச் சொல்லும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தேன். "நன்னீரில் வாழும் முதுகெலும்பில்லாத உயிரினங்கள்" என்றேன். கேட்டவர் அனுதாபத்தோடு என் முதுகைத் தட்டிவிட்டுப் போனார். அடுத்தவருக்கு இலகுவாக்கி, "ஆத்துப் பூச்சி, புழு, நத்தை" என்றேன்.

"எந்த ஆறு?"

"நைஜீரியாவிலை."

"ஏன், இஞ்சை சேன் ஆத்திலை புழு தட்டுப்பாடோ?"

அன்றிலிருந்து "தண்ணி சம்பந்தமான படிப்பு" என்று மட்டும் சொல்லி வந்தேன். விளைவு, புறநகரான வில்லியே லே பெல்லில் அம்மா இருக்கும் கட்டடத்தில் யார் வீட்டுக் குழாய் ஒழுகினாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். இரண்டு வீட்டில் திருத்தியும் கொடுத்திருக்கிறேன். என் ஆராய்ச்சியால் மனிதகுலத்துக்கு இதுவரை கிடைத்த பயன் அவ்வளவுதான்.

என் பெயர் குகதாசன். கதை நடந்த 2014இல் எனக்கு வயது முப்பத்தாறு. தலைமயிர் என்னைவிட வேகமாகப் படிப்பை முடித்துக்கொண்டு வெளியேறிக்கொண்டிருந்தது. நீச்சல் தெரியாது. நீச்சல் தெரியாத ஒருவனை ஆற்றுக்கு அனுப்புவது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று பல்கலைக்கழகத்தில் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வேலை இதுதான். முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி, ஓட்டத்தை மறித்து வலையைப் பிடித்துக்கொண்டு, அதற்கு முன்னால் நின்று ஆற்றின் அடியைக் காலால் உதைத்துக் கலக்க வேண்டும். கல்லுக்கடியில் நிம்மதியாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தவை எல்லாம் அடிபட்டு வலைக்குள் வந்து விழும். கரையில் நிற்பவர்களுக்கு ஒரு கறுத்த மனிதன் தண்ணீருக்குள் தனியாகக் கூத்தாடுவதுபோலத் தெரியும். அபெயோகுட்டா நகரத்துப் பக்கம் ஒகுன் ஆற்றில் துணி துவைக்கும் பெண்கள் முதல் நாள் சிரித்தார்கள், இரண்டாம் நாள் பிள்ளைகளையும் கூட்டிவந்தார்கள், மூன்றாம் நாள் ஒருத்தி தாளம் போட்டாள்.

வலையில் வந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டி யார் யார் என்று பார்த்தால் ஆறு தன் உடம்பு நிலையைத் தானே சொல்லிவிடும். மாடு அறுக்கும் கொட்டகைக்குக் கீழே எடுத்தால் சிவப்புப் புழுக்கள் மட்டும் நெளியும். மேலே போகப் போகத் தும்பியின் குஞ்சுகள், ஒருநாள் மட்டும் பறந்து மடியும் பூச்சிகளின் குஞ்சுகள், சிறு இறால்கள் என்று கண்ணியமானவர்கள் வருவார்கள். அப்படிப்பட்ட ஒரு நல்ல ஓடையில்தான் என் நத்தையைக் கண்டேன். எலுமிச்சம்பழ அளவு, பழுப்பு நிறம், லானிஸ்டெஸ் என்று பெயர். முதல் வருடம் கால் வைக்க இடமில்லாமல் கிடந்தன. அடுத்த வருடம் போனால் கரையை வெட்டித் துப்புரவாக்கிச் சீமெந்து பூசியிருந்தார்கள். தண்ணீர் அதே தண்ணீர், அதே சுத்தம். நத்தை மட்டும் இல்லை.

ஏன் இல்லை என்பதுதான் என் ஆராய்ச்சி. அதற்கு அவை எங்கே, எப்படி முட்டையிடும் என்று தெரிய வேண்டும். அபெயோகுட்டாவில் விரிவுரையாளராக இருக்கும் ஃபோலாஷாதே என்ற தோழியின் உதவியோடு, நத்தைகளைவிடப் பாரமான அனுமதிப் பத்திரங்களோடு பதினொரு நத்தைகளைப் பாரிசுக்குக் கொண்டுவந்தேன். ஆய்வுகூடத்தில் வடிகட்டிய தண்ணீர், அளந்த சூடு, துலக்கிய கண்ணாடித் தொட்டி. ராசா வாழ்க்கை. இரண்டு வருடமாகத் தின்றன, தூங்கின. ஒரு முட்டை கிடையாது. மார்கழியோடு என் உதவித்தொகை முடிகிறது. முட்டை இல்லையென்றால் ஆய்வேட்டின் நடு அத்தியாயம் வெற்றுத்தாள். என்னுடைய ஆறு வருடமும் அதற்குள்தான் இருந்தது.

அந்த ஓகஸ்டில் மின்சார வேலைக்காக ஆய்வுகூடத்தை மூடினார்கள். உயிரினக் கூடத்துக்குப் பொறுப்பான ஜிஸ்லேன், தத்தம் உயிர்களுக்கு மாற்று இடம் கேட்டு முன்கூட்டியே எழுதும்படி எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். நான் அதை வாசித்தபோது அவர் பிரெத்தாஞ் கடற்கரையில் படுத்திருந்தார். ஜிஸ்லேனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சப்பாத்துக்கு உறை போடாமல் கூடத்துக்குள் கால் வைத்த ஒரு பேராசிரியரை வாசலிலேயே திருப்பி அனுப்பியவர். உயிர்களை வெளியே கொண்டுபோவது அவருடைய சட்டத்தில் கொலைக்கு அடுத்த குற்றம். ஆனால் மின்சாரம் நின்றால் காற்றுக் குமிழி நின்றுவிடும், நத்தைகளின் கதை முடிந்துவிடும். செப்டம்பரில் அவர் வருவதற்கு முன் திருப்பி வைத்தால் யாருக்குத் தெரியப் போகிறது என்று, நத்தைகளை ஒரு சிறு தொட்டிக்கு மாற்றி வாடகை வானில் ஏற்றி என் பெரியம்மா மகள் சுகிர்தம் அக்காவின் பலசரக்குக்கடைக்குக் கொண்டுபோனேன்.

அக்காவின் கடை, மெற்றோ தலைக்கு மேலே ஓடும் பாலத்துக்குக் கிட்ட. அத்தான் ருவாசி விமான நிலையத்தில் பொதி ஏற்றுகிறார். கடை முழுக்க அக்காவின் பொறுப்பு. அந்த வருடம் எதிர்ப்பக்கத்தில் தள்ளுவண்டி வைத்து உருட்டிக்கொண்டு வாங்கும் பெரிய கடை ஒன்று திறந்திருந்தது. அன்றிலிருந்து அக்கா அதிகம் பேசுவதில்லை. அக்கா பேசாமல் இருப்பது எங்கள் குடும்பத்தில் கவலைக்குரிய விசயம்.

"உது என்னடா?"

"நத்தை."

"கறிக்கோ?"

"இல்லையக்கா, ஆராய்ச்சிக்கு."

"ஆராய்ச்சி முடிஞ்சாப்பிறகு கறிக்கோ?"

பின்னறையில், அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் தொட்டியை வைத்தேன். மஞ்சள் தண்ணீர் தெளிக்கக் கூடாது, சாம்பிராணிப் புகை காட்டக் கூடாது, சவர்க்காரக் கையை உள்ளே விடக் கூடாது, கீரை மட்டும் போட்டால் போதும் என்று சொன்னேன்.

"என்ரை பிள்ளையளுக்கே நான் இவ்வளவு பாத்ததில்லை" என்றார் அக்கா. "வைச்சிட்டுப் போ."

நான் மாணவர்களை அழைத்துக்கொண்டு தெற்கே ஆர்தேஷ் பக்கம் ஓடைகளில் பூச்சி பொறுக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து நேரே கடைக்குப் போனால், கடை வாசலில் வரிசை. பாண் வாங்க நிற்பதுபோல ஒழுங்கான வரிசை. தேங்காய் ஏதோ மலிவாகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து நானும் பின்னால் போய் நின்றேன். உள்ளே போனபிறகுதான் தெரிந்தது, நான் நின்றது என் நத்தைகளைத் தரிசிக்க.

தொட்டி காசு வாங்கும் மேசைக்குப் பக்கத்தில், சிவப்புப் பட்டுத்துணி சுற்றி, மல்லிகைச் சரம் போட்டு உயரத்தில் இருந்தது. தண்ணீரின் மேல் பாதியை மூடி ஒரு வாழையிலைத் துண்டு மிதந்தது. பக்கத்துக் கதிரையில் மரியநாயகி அம்மா அமர்ந்து வரிசையை மேய்த்துக்கொண்டிருந்தார். புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுத் தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஸ்டாலின்கிராட் மெற்றோ நிலையத்துப் பக்கம் தனியாக இருக்கிறார்.

"நான்தான் தம்பி மொதல்ல பார்த்தேன்" என்றார். "பச்சை மொளகா இல்லைன்னாங்க, பின்னாடி இருக்கான்னு எட்டிப் பார்த்தேன். பார்த்தா, வொய்லா, எல்லாமே வலம்புரி. ஒண்ணு ரெண்டு இல்ல, பதினொண்ணு. உசுரோட."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சங்குகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சுற்றியிருக்கும். லட்சத்தில் ஒன்று மறுபக்கமாகச் சுற்றும், அதுதான் வலம்புரி. வீட்டில் இருந்தால் செல்வம் வரும் என்று வெள்ளிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவார்கள். என் லானிஸ்டெஸ் பிறப்பிலேயே அந்த மறுபக்கமாகச் சுற்றும் சாதி. இத்தனை வருடம் அளவுகோல் வைத்து அளந்தவனுக்கு இது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. பச்சை மிளகாய் வாங்க வந்தவருக்குத் தோன்றிவிட்டது.

"நான் கத்தோலிக்கு" என்று மரியநாயகி அம்மா குரலைத் தாழ்த்தினார். "ஞாயித்துக்கெழமை பூசை தவற மாட்டேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கெடையாது. ஆனா வலம்புரி வலம்புரிதானே."

அக்காவைப் பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"அக்கா, அது சங்கில்லை. நத்தை."

"சங்கும் நத்தைச் சாதிதானெண்டு போன வருசம் என்ரை அம்மான்ரை திவசத்திலை நீதானே ரெண்டு மணித்தியாலம் விளங்கப்படுத்தினனீ."

"சனத்தை ஏமாத்திறது பாவமக்கா."

"நான் என்ன விக்கிறனே? டிக்கெட் போட்டனே? வந்து பாக்கினம், பாத்திட்டு ஒரு கிலோ பருப்பு வாங்கினம். நிண்டு கதைக்கினம். அங்கை எதிரிலை வண்டில் தள்ளின சனமெல்லாம் இப்ப இஞ்சை நிக்குது, பாத்தியே?"

"இலையை ஏன் போட்டனீங்கள்? அழுகினால் தண்ணி பழுதாப்போம்."

"இவ்வளவு சனம் பாக்குது. கண்ணூறு படாதே? அதுகளும் உயிர்தானே, கொஞ்சம் மறைவு வேணும். அழுகினால் மாத்துறன், கடையிலை வாழையிலைக்கு என்ன பஞ்சம்?"

"திங்கட்கிழமை ஆய்வுகூடப் பொறுப்பாளர் வாறா. அதுக்கு முன்னம் நான் கொண்டுபோகவேணும். இல்லாட்டி என்ரை படிப்பு போச்சு."

"கொண்டுபோ" என்றார் அக்கா. "ஞாயிறு பிள்ளையார் தேர் முடிய, என்னைத் தாண்டிக் கொண்டுபோ."

அடுத்த நாள் அறிவியலின் துணையை நாடினேன். தொலைபேசியில் ஃபோலாஷாதேயை எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டு, அக்காவுக்கும் மரியநாயகி அம்மாவுக்கும் நடுவில் வைத்தேன். இந்த நத்தை உங்கள் ஊரில் எவ்வளவு அபூர்வம் என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"அபூர்வமா?" என்று ஃபோலாஷாதே சிரித்தாள். "எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற சதுப்பில் வாளியால் அள்ளலாம். நாங்கள் வாத்துக்குப் போடுகிறோம்."

வெற்றிக் களிப்போடு மொழிபெயர்த்தேன். மரியநாயகி அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். அக்கா தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தார்.

"அவவின்ரை வாத்து எப்பிடி இருக்காம்?"

கேட்டேன். "நல்ல கொழுப்பா இருக்காம்."

"பாத்தியே" என்றார் அக்கா.

மரியநாயகி அம்மா அதை வரிசையில் நின்றவர்களுக்கு அறிவித்தார். அன்று மாலை வரிசை தெருமுனைவரை போனது. நைஜீரியாவில் இந்தச் சங்கைத் தின்ற வாத்துக்கே இப்படி என்றால், என்று ஒருவர் சொல்ல ஆரம்பித்து, முடிக்காமல் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஆகவே திருடுவது என்று தீர்மானித்தேன். சொந்த நத்தையைத் திருடுவதற்குப் பிரெஞ்சுச் சட்டத்தில் என்ன தண்டனை என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளையார் தேர். தெரு முழுக்கச் சனம், மேளம், காவடி, உடைந்த தேங்காய். அக்கா தெருமுனையில் சர்பத்துப் பந்தல் போட்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கடை பூட்டு. பின்கதவுத் திறப்பு ஒன்று பழைய பாசத்தில் என் சாவிக்கொத்தில் இருந்தது.

மூடியுள்ள வாளி ஒன்றோடு உள்ளே போனேன். மல்லிகைச் சரத்தைக் கழற்றி மரியாதையாகப் பக்கத்தில் வைத்தேன். வாழையிலையை ஓரமாகத் தூக்கினேன்.

இலையின் அடிப்பக்கத்தில், பாயாசத்தில் கிடக்கும் ஜவ்வரிசிபோல, வழுவழுப்பான ஒரு திரள். அதற்குள் வெள்ளைப் புள்ளிகள். அதற்கு அப்பால் இன்னொரு திரள். மூன்றாவது.

இலையை மெல்லத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட்டுத் தரையில் அமர்ந்துவிட்டேன். அழவில்லை. வெங்காய மூட்டை பக்கத்தில் இருந்தது.

எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. சீனி எடுக்க வந்த அக்கா வாளியையும் என்னையும் கண்டு வாசலில் நின்றார்.

"கள்ளன்."

"அக்கா, முட்டை."

"என்ன முட்டை?"

"உங்கடை இலைக்குக் கீழை."

அக்கா சேலையைச் செருகிக்கொண்டு குனிந்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்தபோது குரல் தானாகக் காதோடு பேசும் அளவுக்கு இறங்கியிருந்தது. "சத்தம் போடாதை. எழும்பு. உந்தக் கதவைச் சாத்து, மேளச் சத்தம் கேக்குது. இந்த நேரத்திலையோ வாளி தூக்கிக்கொண்டு வந்தனீ, மிருகம்? இதுகளை அசைக்கலாமே?"

அசைக்கலாமா என்பது எனக்கும் தெரியவில்லை. இலையிலிருந்து உரிந்தால் அவ்வளவும் போய்விடும். விட்டு வைத்தால் நாளைக்கு ஜிஸ்லேன் ஆய்வுகூடத்தில் வெறும் தொட்டியைப் பார்ப்பார். முதலில் ஃபோலாஷாதேக்கு ஒரு படம் அனுப்பினேன். உடனே தொலைபேசியில் எடுத்தாள்.

"குகன், ஓடைக்கரையில் தண்ணீருக்கு மேல் என்ன இருந்தது, நினைவிருக்கிறதா?"

"செடி. இலை. தண்ணீருக்குள் சரிந்து கிடக்கும்."

"உன் ஆய்வுகூடத் தொட்டியில்?"

"ஒன்றும் இல்லை. சுத்தமாக வைத்திருந்தேன்."

"கரையைத் துப்புரவாக்கிய ஓடையில்?"

"ஒன்றும் இல்லை" என்றேன். சொல்லி முடிக்கும்போது ஆறு வருடத்துக் கேள்விக்குப் பதிலும் சொல்லி முடித்திருந்தேன்.

"இதற்கு உனக்கு டாக்டர் பட்டம் கொடுப்பார்களா?"

"அநேகமாக" என்றேன்.

"கொடுக்கட்டும்" என்றாள். "வேறு எதற்குக் கொடுக்கிறார்கள்."

பிறகு ஜிஸ்லேனை எடுத்தேன். முந்தின நாள்தான் பாரிஸ் திரும்பியிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்: மின்னஞ்சல், வான், அரிசி மூட்டை, மல்லிகை. மறுமுனையில் கடைசிவரை கேட்டார். பிறகு, "முகவரி" என்றார். வேறு ஒரு சொல்லும் இல்லை.

அவர் வந்து சேர்ந்தபோது தேர் தன் இருப்பிடத்துக்குத் திரும்பிவிட்டது. சனம் சர்பத்தைக் குடித்துவிட்டுக் கடைக்கு வந்து வரிசையாகிவிட்டது. ஜிஸ்லேனின் சப்பாத்தில் தேங்காய்ச் சிதறல், தோளில் ஒரு மஞ்சள் பூவிதழ். வழியில் யாரோ நெற்றியில் திருநீறும் பூசிவிட்டிருந்தார்கள். நேரே உள்ளே வர முயன்றார். மரியநாயகி அம்மா எழுந்து நின்றார்.

"மதாம், வரிசை" என்றார் சுத்தமான பிரெஞ்சில்.

"இந்த விலங்குகளுக்கு நான்தான் பொறுப்பு."

"இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். பின்னால் போய் நில்லுங்கள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு."

பேராசிரியரை வாசலில் திருப்பியவரும் தபால் கந்தோர் சன்னலை ஆண்டவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தனக்கு நிகரான ஒருவரைச் சந்தித்த மரியாதை ஜிஸ்லேனின் முகத்தில் வந்துபோனது. குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். குழந்தையோடு வந்த ஒரு குடும்பத்துக்குப் பின்னால் போய் நின்றார். நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன், தூண் மெலிந்ததாக இருந்தபோதிலும்.

முறை வந்ததும் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து இலைக்கடியில் பிடித்தார்.  பிறகு அக்காவைப் பார்த்து, என்ன தண்ணீர், என்ன தீனி, எத்தனை தடவை என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"குழாய்த் தண்ணிதான்" என்றார் அக்கா. "தீனி, வாடின கீரை, விக்காத பூசணி, கையிலை என்ன வருதோ. எத்தினை தரமெண்டு ஆர் கணக்கு வைச்சது? நினைச்ச நேரம் போடுறது."

"இந்த இலை எதற்கு?"

"கண்ணூறுக்கு."

பார்ப்பவர்களின் கெட்ட பார்வை படாமல் இருக்க, என்று பிரெஞ்சில் விளக்கினேன். ஜிஸ்லேன் தலையாட்டி, கைத்தொலைபேசியில் "நிழல்" என்று குறித்துக்கொண்டார்.

பிறகு என்னிடம் திரும்பினார். 

"நீங்கள் செய்ததற்கு உங்களை நாளைக்கே வெளியேற்ற எனக்கு அதிகாரம் உண்டு."

"தெரியும்."

"ஆனால் நாளைக்கு நான் வேலைக்கு வரமாட்டேன். எனக்குக் காய்ச்சல் வரப்போகிறது." நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், விரலில் திருநீறு ஒட்டியது. "இது பொரியும்வரை எனக்குக் காய்ச்சல். நீங்கள் இந்த மேசையை விட்டு அசையக் கூடாது. முட்டை ஒன்று காணாமல் போனாலும் நான் உடனே குணமாகிவிடுவேன்."

அக்காவுக்குச் சொன்னேன். "நல்ல மனிசி" என்றார் அக்கா, ஒரு போத்தல் சர்பத்தை அவர் கையில் திணித்து.

அதன்பிறகு நான் லாச்சப்பலில் வெங்காயம் நிறுத்துக் கொடுத்தேன். காலையில் முட்டையைப் படம் எடுப்பது, பிறகு கடையைக் கூட்டுவது, பிறகு வரிசையில் வருகிறவர்களுக்கு முட்டைக்குள் என்ன நடக்கிறது என்று விளங்கப்படுத்துவது. பல்கலைக்கழகத்தில் நான் பேசும்போது மாணவர்கள் தூங்குவார்கள். இங்கே கூசேன்வில்லில் இருந்து வேலை முடிந்து, ரயிலும் மெற்றோவும் மாறி வந்தவர்கள்கூட, இப்ப கண் வந்திட்டுதோ, கால் வந்திட்டுதோ என்று கேட்டார்கள். "நத்தைக்குக் கால் வராது" என்று சொன்னால் முகம் வாடினார்கள். பிறகு, வயிறுதான் கால் என்று ஆறுதல் சொன்னேன். ஒருவர் தன் வயிற்றைத் தடவிக்கொண்டு, "எனக்கும் அப்பிடித்தான் தம்பி, இதாலைதான் நடக்கிறன்" என்றார்.

ஒரு விடியற்காலையில் பொரிந்தன. மிளகளவுகூட இல்லை. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, ஏற்கெனவே ஏதோ வேலையிருப்பதுபோல மேலே ஊர்ந்துகொண்டிருந்தன. அக்கா வந்து பார்த்தார். பட்டுத்துணியை அவிழ்த்து மடித்தார். மல்லிகைச் சரத்தை எடுத்துக் குப்பையில் போட்டார்.

"ஏனக்கா?"

"பிள்ளை பிறந்த வீடல்லோ, துடக்கு. முப்பத்தொரு நாளைக்கு ஒரு சாமி காரியமும் ஏலாது." கடை வாசலுக்குப் போய், திறக்கக் காத்திருந்த வரிசைக்கு அதையே உரத்த குரலில் அறிவித்தார்.

ஒரு கேள்வியும் எழவில்லை. என் அறிவியலாலும் ஃபோலாஷாதேயின் வாத்தாலும் அசைக்க முடியாத வரிசை, தலையை ஆட்டிக்கொண்டு கலைந்தது. சிலர் போகும்போது, தாய்க்குப் பத்தியச் சரக்கரைத்துக் கொடுங்கோ என்றார்கள். ஒருவர் பிள்ளைக்கு என்று ஒரு சிறு கைக்குட்டையே கொடுத்துவிட்டுப் போனார். பாதிப் பேர், வந்ததுதான் வந்தோம் என்று உள்ளே வந்து சாமான் வாங்கினார்கள். தள்ளுவண்டிக் கடையில் நின்று கதைக்க ஆளில்லை என்று ஒரு பெண் அக்காவிடம் முறைப்பட்டதையும் கேட்டேன். அக்கா நிறையப் பேசினார். பேசிக்கொண்டே சாமான் நிறுத்தார், பேசிக்கொண்டே மிச்சக் காசு கொடுத்தார்.

தாய்நத்தைகளையும் குஞ்சுகளையும் திருப்பிக் கொண்டுபோக ஜிஸ்லேன் முறையான பெட்டிகளோடு வானில் வந்தார். அவருக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. அக்காவும் சேலை மாற்றிக்கொண்டு வானில் ஏறினார்.

"நீங்கள் ஏனக்கா?"

"உன்னை நம்பியே அனுப்புறது?"

குஞ்சுகளிருந்த பெட்டியை வழி முழுக்க மடியில் வைத்திருந்தார். வான் ஒவ்வொரு தடவை குலுங்கும்போதும் சாரதியைத் தமிழில் திட்டினார்.

ஆய்வுகூடத்தில் யாரும் சொல்லாமலே சப்பாத்துக்கு உறை போட்டுக்கொண்டார். ஜிஸ்லேனின் கண்ணில் அது பட்டது. அக்கா என் தொட்டிக்கு முன்னால் போய் நின்றார். துலக்கிய கண்ணாடி, வெள்ளை வெளிச்சம், அடியில் ஒரு மணல் பருக்கைகூட இல்லை. தொட்டிக்கு மேலே கமெரா.

"உது எதுக்கு?"

"முட்டையிடுறதைப் பிடிக்க. இரவு பகலா ஓடும்."

"ரெண்டு வருசமும்?"

"ஓம்."

அக்கா கமெராவைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். கலியாணமாகாத தம்பியைப் பார்க்கும் பார்வை.

"ஆஸ்பத்திரி மாதிரியல்லோ வைச்சிருக்கிறாய்."

எனக்கும் கொஞ்சம் ரோசம் வந்தது. "ஆஸ்பத்திரியிலைதானே அக்கா பிள்ளை பிறக்கிறது."

"பிறக்கும்" என்றார் அக்கா. "உண்டாகிறது அங்கையில்லையடா."

என்ன சொல்கிறார் என்று ஜிஸ்லேன் கேட்டார். நான் சொன்னேன். அந்தக் கூடத்தில் அவர் சிரித்து அதுவரை யாரும் கேட்டதில்லை. பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். சிரித்து முடித்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிக் கமெராவின் செருகியைப் பிடுங்கினார்.

என் ஆய்வேட்டின் நடு அத்தியாயம் இன்று பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அதில், "வழமையான ஆய்வுகூடச் சூழலில் மறைவிடம் இல்லாமை இவ்விலங்கின் இனப்பெருக்க நடத்தையைத் தடுக்கக்கூடும்" என்று ஒரு வாக்கியம் வரும். முதிர்ச்சியான வாக்கியம் என்று பரிசோதகர்கள் மூவரும் தனித்தனியாகப் பாராட்டினார்கள். நான் தலைகுனிந்து நன்றி சொன்னேன். அரங்கத்தின் பின்வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த சுகிர்தம் அக்காவுக்குப் பிரெஞ்சு விளங்கவில்லை. எதற்கு எல்லோரும் தலையாட்டுகிறார்கள் என்று சைகையால் கேட்டார். பிறகு சொல்கிறேன் என்று சைகை காட்டினேன்.